ஒரு மில்லிமீட்டர் அமுங்கினால் போதும்

சிப்காட் தொழிற்சாலைகளின் வாசலில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போகும் விருந்தாளியின் கைபேசியைச் செக்யூரிட்டி வாங்கி, கேமராக் கண்ணின் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பிக் கொடுப்பார். வெளியே வரும்போது அது அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பார். தோளில் கேமரா பை தொங்கினால் அதற்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு இல்லையென்றால் பை வாசலிலேயே தங்கிவிடும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை பல வாசல்களில் என் பையை மேசைமேல் வைத்துவிட்டு நான் காத்திருந்திருக்கிறேன். அப்படிக் காத்திருந்த நேரங்களில்தான் அந்தப் பையைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன்.

கேமராவுக்கு எந்தப் பை நல்லது என்று கடையில் கேட்டால் எத்தனை அறை, மழை புகுமா, என்ன விலை என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவற்றையெல்லாம் விட முக்கியமான ஒன்று இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள இந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையைப் போலப் பொருத்தமான இடம் இல்லை. கேமராவும், அதை உலுக்குகிற மோட்டார் சைக்கிளும் ஒரே வட்டாரத்தில் பிறக்கின்றன.

நோக்கியா 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் கைபேசி உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் நிறுத்தியது. அதற்குப் பிறகும் கைபேசி இந்த ஊரை விட்டுப் போகவில்லை. சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் உருவாகின்றன. 2022 செப்டம்பரில் ஐபோன் 14 இந்தியாவில் தயாராகிறது என்று ஆப்பிள் அறிவித்தபோது, அந்த வேலை நடந்தது இங்கேதான். அங்கிருந்து அரை மணி நேரம் வண்டி ஓட்டினால் ராயல் என்ஃபீல்டின் இரண்டு ஆலைகள் வரும். இந்தியாவில் திருவொற்றியூரில் உற்பத்தியைத் தொடங்கிய அந்த நிறுவனம் 2013இல் ஒரகடத்திலும் 2017இல் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகளைத் திறந்தது.

இந்த இரண்டு பொருள்களும் ஒன்றுக்கொன்று ஆகாதவை. நானாகச் சொல்லவில்லை. 2021 செப்டம்பரில் ஆப்பிளே ஒரு குறிப்பு வெளியிட்டது. ஆற்றல் மிக்க மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு, வண்டியின் சட்டம் வழியாகவும் ஹேண்டில்பார் வழியாகவும் கைபேசிக்கு ஏறினால் அதன் கேமரா கெட்டுப் போகலாம், ஆகவே நேரடியாக ஹேண்டில்பாரில் பொருத்த வேண்டாம் என்பது அதன் சாரம். மொபெட், ஸ்கூட்டர் போன்ற சிறிய வண்டிகளுக்குக்கூட அதிர்வைத் தணிக்கும் பிடிமானம் வைத்துக்கொள்ளச் சொன்னது.

ஒரு கைபேசியைக் கீழே போட்டால் உடையும் என்பது தெரியும். வண்டி ஓடுவதாலேயே எப்படிக் கெடும்?

படம் கலங்காமல் இருக்க, இன்றைய பல கேமராக்களில் லென்ஸ் ஓரிடத்தில் இறுகக் கட்டப்பட்டிருப்பதில்லை. மெல்லிய வில்களில் அது தொங்குகிறது. பக்கத்தில் ஒரு கைரோஸ்கோப் இருக்கிறது. சிலிக்கனில் செதுக்கிய, கண்ணுக்கே தெரியாத அளவுள்ள அதிரும் உறுப்பு. உங்கள் கை எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்று அது சொல்ல, சுருளும் காந்தமும் சேர்ந்து லென்ஸை எதிர்ப்பக்கமாக நகர்த்துகின்றன. கை நடுங்கினாலும் படம் நிற்கிறது. சில பெரிய கேமராக்களில் லென்ஸுக்குப் பதிலாகப் படம் விழும் சென்சாரே இப்படி மிதக்கும். இந்த ஏற்பாட்டின் அருமை அதன் மென்மையில் இருக்கிறது, ஆபத்தும் அதே மென்மையில்தான். வில்லில் தொங்கும் எந்தப் பொருளும் வெளியிலிருந்து வரும் ஆட்டத்துக்குத் தானும் ஆடும்.

அந்த ஆட்டம் எவ்வளவு என்று கணக்குப் போடலாம். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால் நொடிக்கு 50 அதிர்வு, அதாவது 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு அதிர்விலும் ஹேண்டில்பார் நடுநிலையிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் அசைகிறது என்று வைத்துக்கொள்வோம். தலைமுடி தடிமன். ஆனால் அந்த முடியளவு தூரத்தை நொடிக்கு 50 முறை போய் வர வேண்டுமானால், ஒவ்வொரு முறையும் புவியீர்ப்பு முடுக்கத்துக்கு நிகரான முடுக்கம் தேவை. கேமராவின் ஒவ்வொரு உறுப்பையும் அதன் எடைக்குச் சமமான விசை மேலும் கீழும் பிடித்து இழுக்கிறது. அரை மணி நேரப் பயணத்தில் 90,000 முறை.

திருகுகளுக்கு இது எமன். 1969இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் ஒரு உண்மையை நிறுவினார். திருகின் அச்சுக்குக் குறுக்காக அதிர்வு வரும்போது, இறுக்கிப் பிடித்திருந்த உராய்வு கண நேரம் கைவிடுகிறது. திருகு தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வருகிறது. இன்றும் தொழிற்சாலைகளில் திருகைச் சோதிக்கும் இயந்திரத்துக்கு அவர் பெயர்தான். எனக்கு இந்தப் பாடம் செலவோடு வந்தது. வேடந்தாங்கல் சீசனில் வாரா வாரம் வண்டியின் பின்பக்கக் கேரியர் பெட்டியில் லென்ஸை வைத்துக்கொண்டு போய் வந்தேன். மூன்றாம் மாதம் லென்ஸின் முன்வளையம் கையோடு ஆடியது. பழுது பார்ப்பவர் திறந்து காட்டினார்: உள்ளே கடுகளவு திருகு ஒன்று கழன்று உருண்டுகொண்டிருந்தது. அந்த மூன்று மாதத்தில் லென்ஸ் ஒருமுறைகூடக் கீழே விழவில்லை.

அப்படியானால் அதிர்வை நிறுத்துவது எப்படி? இங்கேதான் எனக்குப் பிடித்த பரிசோதனை வருகிறது. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நாலைந்து ரப்பர் பேண்டுகளைச் சங்கிலியாகக் கோத்து, நுனியில் ஒரு சாவிக்கொத்தைக் கட்டித் தொங்கவிடுங்கள். கையை மெதுவாக மேலும் கீழும் அசைத்தால் சாவிக்கொத்தும் கூடவே வரும். கொஞ்சம் வேகம் கூட்டுங்கள். ஒரு குறிப்பிட்ட தாளத்தில் கொத்து தாறுமாறாகக் குதிக்கும். கை நகர்வதைப் போல் மூன்று நான்கு மடங்கு தூரம் எழுந்து விழும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் உயர உயரப் போகுமே, அதே ஒத்ததிர்வு. இன்னும் வேகம் கூட்டுங்கள், கை படபடக்கும் அளவுக்கு. இப்போது பாருங்கள். கை நடுங்குகிறது, ரப்பர் நடுங்குகிறது, சாவிக்கொத்து கிட்டத்தட்ட அசையாமல் அந்தரத்தில் நிற்கிறது.

கேமரா பை செய்ய வேண்டிய வேலை இதுதான். பையின் அடியில் இருக்கும் ஃபோம் அந்த ரப்பர், கேமரா அந்தச் சாவிக்கொத்து. எடையும் வில்லும் சேர்ந்த எந்த ஜோடிக்கும் ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. அதற்குக் கீழே வரும் ஆட்டம் அப்படியே கடந்து போகும். அதை ஒட்டி வரும் ஆட்டம் பெருகும். அதைப் போல் ஒன்றே முக்கால் மடங்கு, இரண்டு மடங்கு என்று மேலே போகப் போக உள்ளே வரும் ஆட்டம் குறைந்துகொண்டே போகும்.

உங்கள் பையின் இயல்பு அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை, ஒரு ஸ்கேல் போதும். கேமராவின் எடை எவ்வளவு, ஃபோம் எந்த வகை என்றெல்லாம் தெரிந்திருக்கக்கூட வேண்டாம். கேமராவை வைத்ததும் ஃபோம் எவ்வளவு அமுங்குகிறது என்று மட்டும் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் அமுங்கினால் இயல்பு அதிர்வெண் சுமார் 5 ஹெர்ட்ஸ். ஒரு மில்லிமீட்டர் அமுங்கினால் சுமார் 16. எடையும் விறைப்பும் அந்த அமுக்கத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. இரண்டு கிலோ கேமராவானாலும் இருநூறு கிராம் கேமராவானாலும் இதே விடை. முதன்முதலாக இந்தச் சூத்திரத்தைத் தாளில் போட்டுப் பார்த்தபோது, ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று நினைத்து மறுபடியும் போட்டுப் பார்த்தேன். தவறில்லை.

ஒரு மில்லிமீட்டர் அமுங்கும் ஃபோம், 16 ஹெர்ட்ஸ். எஞ்சினின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு அதன் வழியே வரும்போது ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஃபோமுக்குள் இருக்கும் உராய்வை விட்டுவிட்டுப் போட்ட எளிய கணக்கு இது. நிஜத்தில் பலன் சற்றுக் குறையும். ஆனாலும் ஒரு மில்லிமீட்டர் மெத்தை இவ்வளவு செய்யும் என்பது வியப்புத்தான். கூடவே ஒரு பொறியும் இருக்கிறது. ஒரகடம் சந்திப்பில் சிக்னலுக்காக நிற்கிறீர்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்றில் உறுமிக்கொண்டிருக்கிறது. அது நொடிக்கு 17 அதிர்வு. ஃபோமின் 16க்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. டேங்கின் மேல் வைத்த பையில் உள்ள கேமரா, ஓடும்போது பட்டதை விட நிற்கும்போதுதான் அதிகம் குலுங்கும்.

எஞ்சின் செய்பவர்களுக்கும் இந்தச் சிக்கல் தெரியும். 2020 நவம்பரில் வந்த மீட்டியர் 350 தொடங்கி, ராயல் என்ஃபீல்டின் புதிய 350 சிசி எஞ்சின்களுக்குள் ஒரு சமன்செய் தண்டு சுற்றுகிறது. பிஸ்டன் மேலே போகும்போது எதிர்த்திசையில் எடையைத் தள்ளி, அதிர்வைப் பிறந்த இடத்திலேயே பெருமளவு அமுக்கிவிடுகிறது. பழைய புல்லட்டில் அது கிடையாது. அந்த அதிர்வுக்காகவே அதை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேமராவை எங்கே வைக்கிறார்கள் என்பதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

எங்கே வைப்பது? என் பதில்: முதுகில்.

மனித உடலை விடச் சிறந்த அதிர்வுத் தடுப்பானை எந்தப் பைக் கம்பெனியும் இதுவரை விற்கவில்லை. இருக்கையில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் உடல், மேல்-கீழ் ஆட்டத்துக்குச் சுமார் 5 ஹெர்ட்ஸ் இயல்பு அதிர்வெண் கொண்ட ஒரு வில். ஒரு சென்டிமீட்டர் அமுங்கும் ஃபோமுக்குச் சமம். சதையும் முதுகெலும்பின் இடைத்தட்டுகளும் இருக்கையின் மெத்தையும் சேர்ந்து எஞ்சினின் 50 ஹெர்ட்ஸை வழியிலேயே தின்றுவிடுகின்றன. நீண்ட தூரம் வண்டி ஓட்டியவர்களுக்கு இது உடம்பாலேயே தெரியும். உள்ளங்கை மரத்துப் போகும், பாதம் கூசும். தோளில் எதுவும் தெரியாது. வல்லக்கோட்டை முருகன் கோயில் பக்கம் வரிசையாக வரும் வேகத்தடைகளும் லாரிகள் தோண்டிய பள்ளங்களும் வேறு கதை. அவை கொடுக்கும் மெதுவான பெரிய குலுக்கலை உடல் தடுக்காது, கூட்டவும் செய்யும். அதற்கு வழி ஃபுட்ரெஸ்டில் ஊன்றி, முழங்காலை மடக்கியபடி இருக்கையிலிருந்து லேசாக எழுவது. முழங்கால் ஷாக் அப்சார்பராகிவிடும்.

முதுகில் மாட்டுவதில் ஓர் ஆபத்து உண்டு, அதை மறைக்கக் கூடாது. வண்டியோடு விழுந்தால், முதுகுத்தண்டுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே ஒரு இரும்புக் குழாய் போல லென்ஸ் இருக்கும். ஆகவே முதுகை ஒட்டிய பக்கத்தில் மெத்தை தடிப்பாக உள்ள பையைத் தேடுங்கள். கனமான லென்ஸைத் தண்டுவடத்துக்கு நேராக வைக்காதீர்கள்.

இனி விழுவதைப் பற்றி. இதற்கு வேண்டிய ஃபோம் வேறு குணம் கொண்டது.

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்குப் பதினாறு கிலோமீட்டர் வேகத்தில் வரும். அந்த வேகம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதில்தான் கேமராவின் தலையெழுத்து இருக்கிறது. சிமென்ட் தரையில் ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால், சராசரியாகத் தன் எடையைப் போல் 1000 மடங்கு விசையை அது தாங்க வேண்டும். ஒன்றரைக் கிலோ கேமராவின் மேல் ஒன்றரை டன். ஒரு பெரிய காரின் எடை. அதே கேமரா ஃபோமுக்குள் இரண்டு சென்டிமீட்டர் பயணம் செய்து நின்றால் 50 மடங்குதான், எழுபத்தைந்து கிலோ. உயிர் பிழைத்துவிடும்.

ஆனால் அந்த இரண்டு சென்டிமீட்டரை எல்லா ஃபோமும் தருவதில்லை. உதிரிபாகங்களைப் பொதிந்து அனுப்பும் பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் எனக்கு இதைக் கையில் பிடித்துக் காட்டினார். "மெத்துமெத்துன்னு இருந்தா நல்ல ஃபோம்னு நெனச்சிடாதீங்கண்ணே. விரலால அழுத்துங்க. அடி தட்டுதா? அப்போ அது இருந்தும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்." அவர் சொன்னதன் பின்னால் அழகான இயற்பியல் இருக்கிறது. ஃபோம் என்பது கோடிக்கணக்கான சின்னஞ்சிறு அறைகள். அழுத்தத் தொடங்கியதும் அறைச் சுவர்கள் முதலில் எதிர்த்து நிற்கும். ஓர் அளவுக்கு மேல் ஒவ்வொரு வரிசையாக வளைந்து கொடுக்கும். அந்தக் கட்டத்தில் எதிர்ப்பு விசை ஏறாமல் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கும், அமுக்கம் மட்டும் கூடிக்கொண்டே போகும். சாதாரண வில்லுக்கு இந்தக் குணம் கிடையாது; அது அமுங்க அமுங்க எதிர்ப்பைக் கூட்டும். கேமராவை நோகாமல் நிறுத்த இதைவிடச் சிறந்த வழி இல்லை. எல்லா அறைகளும் நசுங்கி முடிந்தபின் ஃபோம் கட்டையாகிவிடும். நண்பர் சொன்ன ‘அடி தட்டுவது’ அதுதான். மூன்று சென்டிமீட்டர் ஃபோம் வாங்கினால் பயன்படுவது சுமார் இரண்டுதான்.

எடைக்கு ஃபோம் மெலிதானால் அடி தட்டும். கெட்டியானால் அமுங்கவே அமுங்காது, சிமென்ட் தரைக்கு அண்ணன் தம்பியாகிவிடும். தடித்த பை நல்ல பை என்று நினைத்து, ஒரு கனமான கேமராவுக்கு வாங்கிய பெட்டியில் சின்னக் கேமராவைப் போட்டு வைப்பவர்கள் இந்தத் தவறைச் செய்கிறார்கள். எடைக்கேற்ற மெத்தை என்ற இந்த அறிவு கண்ணாடியையும் மின்னணுப் பொருளையும் உலகெங்கும் அனுப்பும் ஒவ்வொரு அட்டைப்பெட்டிக்குள்ளும் இருக்கிறது. 1966இல் தொடங்கப்பட்ட இந்தியப் பொதிவு நிறுவனம் இதைப் பாடமாகவே கற்பிக்கிறது; சென்னையிலும் அதற்கு மையம் உண்டு. நம் குயவர்கள் பானைகளை வண்டியில் அடுக்கும்போது இடையிடையே வைக்கோலைத் திணித்ததும், பானையை உருளாமல் பிரிமணையில் உட்கார வைத்ததும் இதே அறிவுதான்.

தெர்மாகோலைப் பற்றி ஒரு வார்த்தை. புதுப் பெட்டியோடு வந்த தெர்மாகோலை வெட்டிப் பையில் சொருகிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஒரு முறைதான் உதவும். அதன் அறைகள் நசுங்கினால் பழைய நிலைக்குத் திரும்பாது. ஹெல்மெட்டுக்குள் இருப்பதும் அதே இனம்தான். அதனால்தான் ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றச் சொல்கிறார்கள். பைக்கு வேண்டியது மீண்டு எழும் ஃபோம். அதிலும் அறைகள் மூடிய வகை. அறைகள் திறந்த வகை, பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சைப் போல் மழைநீரைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

நீர் என்றதும் நம் பக்கத்துக் காற்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. கடலும் ஏரிகளும் சூழ்ந்த இந்த மாவட்டங்களில் காற்றின் ஈரப்பதம் ஆண்டில் பெரும்பகுதி 60 சதவீதத்துக்கு மேல். அந்த எல்லைக்கு மேலேதான் லென்ஸில் பூஞ்சை வேர்விடுகிறது. கண்ணாடி மேல் சிலந்தி வலை போல் படர்ந்து, அது சுரக்கும் அமிலம் பூச்சை அரிக்கும். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் காடுகளில் படைகளின் பைனாகுலர்கள் இப்படித்தான் குருடாயின. தோல் பை அழகுதான். பூஞ்சைக்கு அதுவே சாப்பாடு. கேமராவை மாதக்கணக்கில் தோல் பையில் மூடி வைக்காதீர்கள்.

சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள். செருப்புப் பெட்டியில் வரும் அந்த மணிகளில் ஒரு கிராமுக்குள் இருக்கும் நுண்துளைகளின் சுவரையெல்லாம் விரித்துப் பரப்பினால் சுமார் 700 சதுர மீட்டர் வரும். இந்தச் சாலையோர மனை விளம்பரப் பலகைகளின் மொழியில் சொன்னால், மூன்று கிரவுண்டு. அவ்வளவு பரப்பிலும் நீராவி ஒட்டிக்கொள்கிறது. நீல மணி இளஞ்சிவப்பானால் வயிறு நிறைந்துவிட்டது என்று பொருள். சூடாக்கினால் மறுபடி நீலமாகும்.

ஏசி கூடத்திலிருந்து வெளியே வருபவர்களுக்குப் பை இன்னொரு உதவியும் செய்யும். உள்ளே 22 டிகிரி. வெளியே ஆகஸ்ட் மாதக் காற்று, 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே பனியாக இறங்கிவிடும் அளவு ஈரத்தோடு நிற்கிறது. குளிர்ந்த கேமராவை வெளியே எடுத்த நொடியில் அது வியர்க்கும், உள்ளேயும் வெளியேயும். கூடத்துக்குள்ளேயே பையில் போட்டு ஜிப்பை மூடி, வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துத் திறந்தால், ஃபோம் வழியாக மெல்லச் சூடேறிக் கேமரா காய்ந்த நிலையிலேயே இருக்கும். டீக்கடையில் உட்கார இது நல்ல காரணம்.

தோள்பட்டை வாரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் பாட்டிமார் தலையில் சும்மாடு வைத்தது எதற்கோ, அகலமான வார் அதற்குத்தான். எடை குறையாது, அழுத்தம் பரவும். இடுப்புப் பட்டை இருந்தால் இன்னும் நல்லது.

எந்தப் பை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் கம்பெனிப் பெயர் சொல்வதில்லை. உங்கள் கேமராவைக் கடைக்கே எடுத்துப் போங்கள். பையில் வைத்துப் பாருங்கள். ஃபோம் கொஞ்சமாவது அமுங்க வேண்டும், விரலால் ஓங்கி அழுத்தினாலும் அடி தட்டக் கூடாது. பிறகு ஜிப்பை மூடி, பையைக் காதருகே தூக்கி மெல்ல ஆட்டுங்கள். கேமராவும் லென்ஸும் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் கேட்டால், ஃபோம் செய்த வேலையெல்லாம் அந்த இடைவெளியில் வீணாகிறது. ஏற்கெனவே பை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஆட்டிப் பாருங்கள். சத்தம் வந்தால் பழைய பருத்தித் துண்டு ஒன்றைச் சுருட்டி அந்த இடைவெளியில் திணித்துவிட்டு, நாளைக்கு வண்டியை எடுங்கள்.